தானே தண்ணீர் குடிக்கும் தொட்டியும் அதில் சேரும் உப்பும்

மாடித் தோட்டம் போடுகிறவர்கள் நடுவில் "செல்ஃப் வாட்டரிங்" தொட்டி இப்போது ரொம்பப் பிரபலம். ஒரு 20 லிட்டர் பக்கெட், ஒரு பிவிசி குழாய்த் துண்டு, கொஞ்சம் கோகோபீட். ஒருமுறை நிரப்பிவிட்டு ரெண்டு நாள் ஊருக்குப் போய் வரலாம். எங்க வீட்டு மாடியிலும் சில பக்கெட்டுகள் இருக்கின்றன, நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் இந்தத் தொட்டி எப்படி வேலை செய்யுது என்று புரிந்துகொண்டால்தான், போர்வெல் தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில் மூணாவது மாசம் செடி ஏன் வாடுது என்பதும் புரியும்.

தள்ளுவதா, இழுப்பதா?

பூவாளியால் ஊற்றும்போது எவ்வளவு தண்ணீர் என்று முடிவு பண்ணுவது நாம். செடிக்குத் தேவையோ இல்லையோ, தள்ளிவிடுகிறோம். இந்தத் தொட்டியில் முடிவு பண்ணுவது இலை. வெயிலில் இலை நீராவியை விடுகிறது, வேர் மண்ணிலிருந்து ஈரத்தை இழுக்கிறது, காய்ந்த மண் கீழே இருக்கும் தொட்டித் தண்ணீரை இழுக்கிறது. மழை நாளில் எல்லாம் தானாகவே மெதுவாகிவிடும். மோட்டார், டைமர், சென்சார் எதுவும் கிடையாது.

ஐடியா பழசு. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ஃபான் ஷெங்சி ஷூ என்ற சீன வேளாண் நூலிலேயே, மண்பானையைப் புதைத்து, அதில் தண்ணீர் நிரப்பி, சுற்றிலும் கொடி வளர்க்கும் முறை இருக்கிறது. இன்றைய பெட்டி வடிவத்தைப் பிரபலமாக்கியது எர்த்பாக்ஸ். 1990களில் ஃப்ளோரிடாவில் ப்ளேக் விசனன்ட் என்ற தக்காளி விவசாயி உருவாக்கியது.

உள்ளே என்ன இருக்கு?

பக்கெட்டின் அடியில் சுமார் 8 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர். அதற்கு மேல் ஓட்டை போட்ட ஒரு தட்டு. தட்டின் நடுவில் ஒரு சின்ன ஓட்டை டப்பா தண்ணீருக்குள் இறங்கி நிற்கும், அதற்குள்ளும் மண்கலவையை அழுத்தி நிரப்பணும். அகல் விளக்குக்குத் திரி எப்படியோ, தொட்டிக்கு இந்த டப்பா அப்படி. தண்ணீர் ஊற்ற மேலிருந்து அடிவரை ஒரு குழாய். தட்டுக்குக் கொஞ்சம் கீழே பக்கெட்டின் பக்கவாட்டில், தண்ணீர் வழிந்து போக ஒரு ஓட்டை. இந்த ஓட்டையை விட்டுவிட்டால் ஒரு பெரிய மழையில் வேர் மூழ்கிவிடும். தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவுவது, காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு மெதுவாக. மூழ்கிய வேர் மூச்சுமுட்டித்தான் சாகிறது.

தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறும்? அது இடுக்கின் அகலத்தைப் பொறுத்தது. 1 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் சுமார் 3 செ.மீ. ஏறும், 0.1 மி.மீ. என்றால் சுமார் 30 செ.மீ. "வடிகாலுக்கு" என்று சொல்லி அடியில் ஜல்லி போடுவது இங்கே தப்பாகப் போவது இதனால்தான். ஜல்லிகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி பெரியது, தண்ணீர் ஏறாது, திரி அறுந்த விளக்குதான். மறுபக்கம், வெறும் களிமண் போட்டால் தண்ணீர் ஏறும், ஆனால் காற்றுக்கு இடம் இருக்காது. கோகோபீட்டில் சின்ன இடுக்கும் பெரிய இடுக்கும் கலந்திருப்பதால் இரண்டும் நடக்கிறது. அதோடு மட்கிய உரம் கலந்தால் போதும். கோகோபீட்டிலேயே உப்பு இருக்கலாம், முதலில் ரெண்டு மூணு தடவை நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

ஒரு செடி எவ்வளவு குடிக்கும்?

தோராயமாகக் கணக்குப் போடலாம். சென்னைக் கோடையில் ஒரு நாளைக்கு 6 மி.மீ. நீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். நன்றாக வளர்ந்த தக்காளிச் செடி அரை மீட்டருக்கு அரை மீட்டர் பரப்பை மூடினால், 0.25 × 6 = 1.5 லிட்டர். பக்கெட்டின் அடியில் 4 லிட்டர் நிற்கும் என்றால் மூணு நாள்கூட முழுசாக வராது. "வாரம் ஒருமுறை நிரப்பினால் போதும்" என்பது சின்னச் செடிக்கும் கீரைக்கும்தான் பொருந்தும்.

இனிதான் உப்புக் கணக்கு

இலை வெளியே விடுவது சுத்தமான நீராவி. தண்ணீரில் கரைந்திருந்த உப்பு எங்கே போகும்? கால்சியம், மெக்னீசியம் போன்றவற்றில் ஒரு பகுதியைச் செடி எடுத்துக்கொள்ளும். சோடியம், குளோரைடு பெரும்பாலும் அங்கேயே தங்கும். மேலிருந்து ஊற்றும் தொட்டியில் மிச்சத் தண்ணீர் அடி ஓட்டை வழியாக உப்பையும் கொண்டுபோய்விடும். நம்ம தொட்டியில் தண்ணீர் போவது மேல்நோக்கி மட்டும். உப்புக்கு வெளியேறும் வழியே இல்லை.

குடிநீருக்கான இந்தியத் தரம் (ஐஎஸ் 10500) டிடிஎஸ் அளவு லிட்டருக்கு 500 மி.கி. வரை இருக்கலாம் என்கிறது. வேறு தண்ணீரே இல்லை என்றால் 2000 வரை அனுமதி. நடுவில் 1000 என்று எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 1.5 லிட்டர் என்றால் 1.5 கிராம் உப்பு. 90 நாளில் 135 கிராம்! 15 லிட்டர் மண்கலவைக்குள் இத்தனை. செடி ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும் மிச்சம் கொஞ்சநஞ்சம் இல்லை. போடுகிற ரசாயன உரமும் உப்புதான், அது தனிக் கணக்கு.

இதில் ஏமாற்றுவது அறிகுறிதான். மண்ணில் உப்பு ஏறினால் ஈரம் இருந்தும் வேரால் இழுக்க முடியாது. இலை நுனி கருகும், மதியத்தில் செடி துவளும். பார்க்க அப்படியே தண்ணீர்ப் பஞ்சம் மாதிரி இருக்கும். உடனே குழாயில் இன்னும் ஊற்றுவோம், உப்பு இன்னும் ஏறும். மண்ணின் மேல் வெள்ளைப் பொருக்கு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

என்ன செய்யலாம்?

முதலில் தண்ணீரை அளந்து பாருங்கள். டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஆர்ஓ மெஷின் கழித்துவிடும் தண்ணீரை வீணாக்கக்கூடாது என்று இந்தத் தொட்டியில் ஊற்றாதீர்கள், அதில் உப்பு இன்னும் அதிகம். மாறாக, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது, உப்பு ஏறக்குறைய இல்லை. ராத்திரி ஏசிக்கு அடியில் ஒரு பக்கெட் வைத்தால் சென்னைப் புழுக்கத்தில் சில லிட்டர் சேரும்.

இரண்டாவது, பக்கெட்டின் அடியில் ஒரு சின்னத் திருகு குழாய் வையுங்கள். மாசம் ஒருமுறை அதைத் திறந்துவிட்டு, இருப்பதில் நல்ல தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஊற்றிக் கழுவிவிடலாம். அதற்குப் பிறகு கொஞ்சம் உரம் போடணும், சத்தும் சேர்ந்தே போயிருக்கும்.

மூன்றாவது, மழை. எர்த்பாக்ஸின் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி உண்டு, மழை உரத்தை அடித்துப் போகாமல் இருக்கவும், ஈரம் ஆவியாகாமல் இருக்கவும். கோடையில் நமக்கும் மூடாக்கு நல்லதுதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அதை எடுத்துவிடுங்கள். 30 செ.மீ. வாயுள்ள பக்கெட்டில் 100 மி.மீ. மழை விழுந்தால் 7 லிட்டர். உப்பே இல்லாத தண்ணீர், இலவசக் கழுவல். அடிக் குழாய் மட்டும் திறந்திருக்கணும்.

இன்னொன்று, கொசு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இந்த மாதிரித் தேங்கிய தண்ணீரைத்தான் தேடி வரும். ஊற்றும் குழாயின் வாய், வழியும் ஓட்டை, இரண்டையும் கொசுவலைத் துணியால் கட்டாயம் மூடணும்.

நல்ல தண்ணீர் உள்ள வீட்டுக்கு இந்தத் தொட்டி அருமையான ஏற்பாடு. ஈரம் சீராக இருப்பதால் தக்காளிக்குக் கால்சியமும் சீராகப் போகும், காயின் அடி கறுத்து அழுகுவது குறையும். டிடிஎஸ் 1000க்கு மேல் காட்டுகிற வீட்டில் 30 நாளில் அறுவடையாகும் கீரையில் ஆரம்பியுங்கள். உப்பு சேர்வதற்குள் கீரை குழம்புக்குப் போயிருக்கும், அடுத்த விதைப்புக்கு முன்னால் மண்ணை அலசிக்கொள்ளலாம்.