காவல் எங்கே நிற்கிறது?

1980களில் விக்டோரியா அணைக்காகத் தெல்தெனியாப் பக்கத்து வயல்களை விட்டு எழும்பிய குடும்பங்களுக்குப் பன்றிக்காவல் தெரியும். காவற்காரன் வரம்பில் நின்றால் போதாது. பன்றி இறங்கிய இடத்துக்கே போகவேண்டும். நம் உடலிலும் அப்படித்தான்.

வெண்குருதிக் கலங்களில் ஒருவகை நிணநீர்க்கலங்கள். இவையே உடலின் காவலர். நுரையீரற் புற்றுநோய்க் கட்டிக்குள் இவை நிறையப் புகுந்திருந்தால், நோயாளி கூடிய காலம் வாழும் வாய்ப்புப் பொதுவாக அதிகம். ஓரத்தோடு நின்றுவிட்டால் குறைவு. உள்ளே புகுந்த காவலையும் புற்றுநோய் தூங்கவைப்பதுண்டு. அதை எழுப்பும் சிகிச்சைக்கு வழிகண்ட ஜப்பானியர் தசுக்கு ஹொஞ்சோவுக்கும் அமெரிக்கர் ஜேம்ஸ் அலிசனுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அம்மருந்துகள் விலை கூடியவை, எல்லோருக்கும் பலிப்பதுமில்லை.

காவல் பலமோ பலவீனமோ, கட்டி சிறிதாயிருக்கும்போதே கண்டால்தான் பிழைக்க வழி கூட. ஆகவே புகைத்தலை விடுவோம். அடுப்புப் புகை வெளியேற வழிசெய்வோம். மூன்று கிழமைக்கு மேல் இருமல், சளியில் இரத்தம், காரணமில்லாத மெலிவு கண்டால், ஒருநாட் கூலி போகிறதே என்று பின்போடாமல் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்குப் போவோம். தேவையானால் அங்கிருந்து கண்டி தேசிய வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். காசநோயாக இருந்தாலும் பயமில்லை; ஒழுங்காக மருந்தெடுத்தால் அது சுகமாகும்.