மலைக்குப் புறப்படுமுன் படியேறிப் பாருங்கள்

மாசி பிறந்துவிட்டால் மருத்துவரின் அறையில் அடிக்கடி எழும் கேள்வி இது: “இந்த ஆண்டு வெள்ளியங்கிரிக்குப் போகலாமா?” கேட்பவர் பெரும்பாலும் ஐம்பதைக் கடந்தவர், இரத்த அழுத்தத்திற்கோ சர்க்கரைக்கோ மாத்திரை எடுத்துக்கொள்பவர். நண்பர்கள் வண்டி பேசி, நாளும் குறித்துவிட்டிருப்பார்கள். மருத்துவரிடம் கேட்பது மட்டும் கடைசி நாளுக்குத் தள்ளப்பட்டிருக்கும். அந்த வரிசையை மாற்றினால் பல துயரங்களைத் தவிர்க்கலாம்.

கோவைக்கு மேற்கே உள்ள வெள்ளியங்கிரியில் ஏழு மலைகளைக் கடந்து ஏற வேண்டும். ஒரு வழித் தூரம் ஏறத்தாழ 6 கிலோமீட்டர்தான் என்றாலும், அதன் பெரும்பகுதி ஏற்றம். 2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் அங்கு ஏறியவர்களில் சிலர் மூச்சுத் திணறியும் நெஞ்சு வலித்தும் உயிரிழந்தனர். இதய நோய், மூச்சுத் தொல்லை, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை அறிவுறுத்துகிறது. அந்த அறிவுரையை மலையடிவாரத்தில் படிப்பதைவிட, இரண்டு மாதங்களுக்கு முன்பே வீட்டில் எண்ணிப் பார்ப்பது நல்லது.

ஏற்றம் உடலிடம் கேட்பது என்ன?

சமவெளியில் நடப்பதைப் போல இருமடங்குக்கும் மேலான உழைப்பைப் படியேற்றம் இதயத்திடம் கேட்கிறது. அன்றாட வேலைகளில் வெளிப்படாத இதயக் குறை, தொடர்ந்து ஒரு மணி நேரம் ஏறும்போது வெளிப்படக்கூடும். உயரமும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு, கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்றுக் குறைவு. உடல்நலம் உள்ளவர் இதை உணரமாட்டார். நுரையீரல் தளர்ந்தவரும், இரத்தசோகை உள்ளவரும் முதல் மேட்டிலேயே உணர்வார்கள்.

நம் ஊரே பயிற்சிக் களம்

1928-இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோய் சானடோரியத்தைத் தொடங்கினார். நம் ரயில் நிலையம் ஒன்றுக்கு இன்றும் அந்தப் பெயரே நிலைத்திருக்கிறது. அக்காலச் சானடோரியங்களில் தூய காற்றும் ஓய்வும் மட்டுமன்றி, அளந்து கொடுத்த நடையும் சிகிச்சையாக இருந்தது. தேறிவரும் நோயாளி இன்று இவ்வளவு தூரம், அடுத்த வாரம் இவ்வளவு என்று படிப்படியாக நடந்தார். மலைப் பயணத்திற்கும் அதுவே முறை.

மருத்துவர் ஒப்புக்கொண்ட பின், முதல் நான்கு வாரம் நாள்தோறும் அரை மணி நேரம் சமதரையில் நடக்கலாம். 602 எக்டேர் பரப்புள்ள வண்டலூர் உயிரியல் பூங்காவை ஒரு விடுமுறை நாளில் நடந்தே சுற்றிவரலாம். அடுத்து திருநீர்மலையின் படிகள். பிறகு ஏறத்தாழ 300 அடி உயரமுள்ள பரங்கிமலை. நிறைவாக, ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் கொண்ட திருக்கழுக்குன்றம். ஏறும்போது உடன் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று பொருள். நெஞ்சில் இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, தலைசுற்றல், காரணமற்ற வியர்வை ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அங்கேயே நின்று மருத்துவ உதவி நாடுங்கள். திருக்கழுக்குன்றத்தில் கிடைக்கும் அந்த எச்சரிக்கை பெரும் பேறு. சாலையும் ஆம்புலன்சும் அருகில் இருக்கின்றன.

இடமும் அனுமதியும்

முதல் பயணத்திற்கு ஒரே நாளில் சென்று திரும்பும் எளிய பாதையே போதும். தாம்பரத்தில் இரவு பாண்டியன் விரைவு ரயிலில் ஏறினால் விடியலில் கொடைக்கானல் ரோடு. அங்கிருந்து சாலை வழியே சில மணி நேரத்தில் கொடைக்கானல். தூக்கம் கெட்ட அந்த முதல் நாளை ஓய்வுக்கு விட்டுவிடுங்கள். வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறைக்குச் செல்லும் பாதை பலரை ஏமாற்றும். போகும்போது இறக்கம், களைத்துத் திரும்பும்போது ஏற்றம். எந்தப் பாதையானாலும் திரும்பி வரும் தொலைவையும் ஏற்றத்தையும் கேட்டறிந்த பின்பே முதல் அடியை வையுங்கள்.

காட்டுப் பாதைகளுக்கு வனத்துறையின் அனுமதி கட்டாயம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறக்கலாகாது. 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகள் எளிது, மிதம், கடினம் எனப் பிரிக்கப்பட்டு, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடன் நடத்தப்படுகின்றன. தீ அச்சமுள்ள கோடையில் வனப்பாதைகள் மூடப்படுவதும் உண்டு. கொடைக்கானலுக்கும் உதகைக்கும் சொந்த வண்டியில் செல்வோர் இ-பாஸ் பெற வேண்டும்.

பையில் வைக்க வேண்டியவை

பையின் எடை உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். குடிநீர், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம், கம்பளி ஆடை, மழை உடை, கைவிளக்கு, ஊன்றுகோல் ஆகியவை போதும். மாத்திரைகளை இரண்டு நாளுக்குக் கூடுதலாக எடுத்து, கைக்கெட்டும் பையில் வையுங்கள். சர்க்கரை நோயாளிகள் உணவைத் தவிர்த்துவிட்டு ஏறக் கூடாது. சட்டைப்பையில் குளுக்கோஸோ மிட்டாயோ இருக்கட்டும். புதுக் காலணி கொப்புளம் தரும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு அது ஆறாத புண்ணாகலாம். ஆகவே பயிற்சியின்போது அணிந்து பழகிய காலணியையே அணியுங்கள். நோய்களையும் மருந்துகளையும் இரத்தப் பிரிவையும் ஒரு தாளில் எழுதி உடன் வருபவரிடம் கொடுங்கள். பல பாதைகளில் கைப்பேசி இயங்காது. எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டிலிருப்பவர் அறிந்திருக்க வேண்டும்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்: உடன் வந்தவர் “போதும், திரும்பலாம்” என்றால், “இன்னும் கொஞ்சம்தான்” என்று ஊக்கப்படுத்தாதீர்கள். இத்தனை மணிக்கு எங்கிருந்தாலும் திரும்புவோம் என்று புறப்படும் முன்பே ஒரு நேரத்தை முடிவு செய்யுங்கள். அந்தப் பேச்சை ஒருவரும் மீற வேண்டாம். மலை அடுத்த ஆண்டும் அங்கேதான் இருக்கும். நாமும் இருந்தால் மீண்டும் ஏறலாம்.