வீட்ல ஒருத்திக்கு அம்மை, தொட்டில்ல ஒரு பச்சக்குழந்தை: என்ன செய்யலாம்?

இந்த வாரம் ஒரு வாய்ஸ் நோட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். அனுப்பினவங்க பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டிருக்காங்க. ரெண்டாவது பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்காங்க. குழந்தை பிறந்து 12 நாள். மூத்த பொண்ணுக்கு 4 வயசு, எல்கேஜி. காலையில குளிக்க வைக்கும்போது அவ முதுகுல நாலஞ்சு நீர்க்கொப்புளம். "பாப்பாவை எங்க கொண்டு போறது? பெரியவளை யார்கிட்ட விடுறது?" இதுதான் அவங்க கேள்வி.

நான் டாக்டர் இல்லை. இந்த எபிசோடைக் கேட்டுட்டு டாக்டர்கிட்ட போகாம இருந்துடாதீங்க. டாக்டர்கிட்ட என்ன கேட்கணும், எதுக்குப் பயப்படணும், எதுக்குப் பயப்பட வேண்டாம், இது மட்டும்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

முதல்ல, இது எந்த அம்மை? நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் ஒரே பேர்தான்: "அம்மை போட்டிருக்கு". தட்டம்மை, புட்டாளம்மை, சின்னம்மை மூணும் வேற வேற வைரஸ். அரிப்போட சின்னச் சின்ன நீர்க்கொப்புளமா, இன்னைக்குக் கொஞ்சம் நாளைக்குக் கொஞ்சம்னு வந்தா பெரும்பாலும் சின்னம்மை. இருமல், கண் சிவப்பு, முகத்தில் ஆரம்பிக்கிற சிவந்த தடிப்புன்னா தட்டம்மையா இருக்கலாம். அதுக்கு வழி வேற. அதனால டாக்டர் பார்த்து உறுதி பண்ணணும். ஆனா க்ளினிக்குக்கு முன்னாடியே போன் பண்ணிட்டுப் போங்க. வெயிட்டிங் ஹால்ல கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் இருப்பாங்க.

சின்னம்மைதான்னு வெச்சுப்போம். அடுத்து தெரிய வேண்டியது, பெத்த அம்மாவுக்கு முன்னாடி சின்னம்மை வந்திருக்கா, அல்லது தடுப்பூசி போட்டிருக்கா என்பது. கர்ப்பத்தோட கடைசி மாசங்கள்ல அம்மாவோட ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பு சக்தி தொப்புள்கொடி வழியா குழந்தைக்குப் போகுது. அம்மாவுக்கு ஏற்கெனவே வந்திருந்தா, நிறைமாசத்தில் பிறந்த குழந்தைக்கு முதல் சில மாசத்துக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கும். நூத்துக்கு நூறு கிடையாது. ஆனா வந்தாலும் பெரும்பாலும் லேசாத்தான் வரும். 28 வாரத்துக்கு முன்னாடியே பிறந்த குழந்தைக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது.

இதுக்குப் பதில் தெரிஞ்ச ஆள் அநேகமா உங்க வீட்லயே இருப்பாங்க. உங்க அம்மாகிட்ட கேளுங்க: "எனக்குச் சின்ன வயசுல அம்மை போட்டுச்சா?" எந்த வருஷ லீவுல போட்டுச்சு, எத்தனாம் நாள் தண்ணி ஊத்தினோம், எல்லாம் ஞாபகம் வெச்சிருப்பாங்க. அவங்களுக்கே சந்தேகம்னா வேரிசெல்லா ஐஜிஜி என்ற ரத்தப் பரிசோதனை இருக்கு.

அம்மாவுக்கு வந்ததே இல்லைன்னா? அப்ப அன்னைக்கே குழந்தைகள் டாக்டர்கிட்ட பேசணும். பச்சக்குழந்தைக்கு எதிர்ப்பு சக்தியை நேரடியா ஊசியா கொடுக்க முடியும். வேரிசெல்லா இம்யூனோகுளோபுலின்னு பேர். அது கிடைக்காத இடத்தில் ஐவிஐஜி கொடுப்பாங்க. தொற்றுக்கு ஆளான 10 நாளுக்குள்ள போடணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இன்னொரு அவசரமும் உண்டு: பிரசவத்துக்கு 5 நாள் முன்னாடியிலிருந்து 2 நாள் பின்னாடி வரைக்கும் அம்மாவுக்கே கொப்புளம் வந்தா குழந்தைக்கு ஆபத்து அதிகம். காத்திருக்கவே கூடாது.

சரி, பிரிச்சு வைக்கணுமா? இந்த வைரஸ் காத்து வழியாவும் பரவும். கொப்புளம் தெரியறதுக்கு 1, 2 நாள் முன்னாடியே பரவ ஆரம்பிச்சிடும். அதாவது நேத்து அக்கா பாப்பாவுக்கு முத்தம் கொடுத்தப்பவே பரவியிருக்கலாம். இருந்தாலும் தனி ரூம் இருந்தா நல்லது, ஜன்னலைத் திறந்து வைங்க. ஒரே ரூம் வீடுன்னா முடிஞ்ச தூரம் தள்ளிப் படுக்க வைங்க. எல்லாக் கொப்புளமும் காய்ஞ்சு பொருக்குத் தட்டுற வரைக்கும் இது. பொதுவா ஒரு வாரம்.

இப்போ முக்கியமான விஷயம். ஏற்கெனவே சின்னம்மை வந்த அம்மா, பெரியவ பக்கத்தில் போகலாம். கட்டிப்பிடிக்கலாம், சோறு ஊட்டலாம், தூங்க வைக்கலாம். திரும்பி வந்து சோப்பு போட்டுக் கை கழுவி, டிரெஸ் மாத்திட்டு பாப்பாவைத் தூக்குங்க. தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். அந்த 4 வயசுக் குழந்தையை யோசிச்சுப் பாருங்க. 12 நாளா அம்மா மடி கிடைக்கல. இப்போ உடம்பெல்லாம் அரிக்குது, ரூமை விட்டு வெளிய வராதேங்கிறாங்க. "உன்னாலதான் பாப்பாவுக்கு வரப் போகுது"ன்னு யாரும் சொல்லிடக் கூடாது. இதை வீட்ல இருக்கிற பெரியவங்க எல்லார்கிட்டயும் முன்கூட்டியே சொல்லி வைங்க.

வேப்பிலை பத்தி கேட்பீங்க. வாசல்ல வேப்பிலை கட்டினா யாரும் உள்ள வர மாட்டாங்க. தனிமைப்படுத்த அது நல்ல ஏற்பாடுதான். கட்டிக்கோங்க. ஆனா உடைஞ்ச கொப்புளத்து மேல இலையையோ மஞ்சளையோ வெச்சுத் தேய்க்காதீங்க. "ஆத்தா வந்திருக்கா, மருந்து கூடாது"ங்கிற பேச்சை மட்டும் அன்பா மறுத்துடுங்க. தினமும் வெதுவெதுப்பான தண்ணியில் குளிக்கலாம், நகம் வெட்டணும், அரிப்புக்கு கேலமைன். காய்ச்சலுக்கு டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால். ஆஸ்பிரின் கூடவே கூடாது, ஐபுப்ரோஃபெனும் வேண்டாம்.

பாப்பாவை அக்காவோட கடைசித் தொடர்பிலிருந்து 21 நாள் கவனிங்க. இம்யூனோகுளோபுலின் போட்டிருந்தா 28 நாள். உடம்பில் ஒரே ஒரு கொப்புளம், 100.4 டிகிரி காய்ச்சல், பால் குடிக்காம சோர்ந்து கிடக்கிறது, வேகமா மூச்சு வாங்கிறது, இதில் எது வந்தாலும் ராத்திரி 2 மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்க. அசைக்ளோவிர்னு மருந்து இருக்கு, சீக்கிரம் ஆரம்பிச்சா நல்லா வேலை செய்யும்.

கடைசியா, தாத்தாவுக்கு அக்கி வந்திருந்தா அதுவும் இதே வைரஸ்தான். அந்தக் கொப்புளத்தை மூடி வைக்கணும், பாப்பாவைத் தூக்க வேண்டாம். வீட்ல சின்னம்மை வராத மத்தவங்க, தொற்றுக்கு ஆளான 3 முதல் 5 நாளுக்குள்ள தடுப்பூசி போடலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. கர்ப்பிணிகளுக்கு அது கூடாது. இந்தத் தடுப்பூசியை 1974ல் ஜப்பான் டாக்டர் மிச்சியாகி தகாஹாஷி உருவாக்கினார். அவர் பையனுக்கு 3 வயசுல சின்னம்மை வந்து ரொம்ப கஷ்டப்பட்டதைப் பார்த்துதான் அந்த வேலையில் இறங்கினாராம். நம்ம ஊர்ல அரசோட இலவச அட்டவணையில் இது இல்லை. 15 மாசத்துக்கு மேல தனியா கேட்டுப் போட்டுக்கணும்.

வாய்ஸ் நோட் அனுப்பின அக்கா, இன்னைக்கே உங்க அம்மாகிட்ட அந்தக் கேள்வியைக் கேட்டுடுங்க. மத்தவங்க உங்க அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டு, போன்லயே குறிச்சு வெச்சுக்கோங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.