முடிச்சுப் போடாத டெய்லர்

அமராவதி நகர் என்று சொன்னால், உடுமலைக்குத் தெற்கே அணையும் சைனிக் பள்ளியும் இருக்கிற ஊரா என்றுதான் வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். முதலையும் யானையும் அந்தப் பக்கம். நான் சொல்வது திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட எங்கள் தெரு. காலையில் கம்பெனி வேன்கள் வரிசை கட்டும். பக்கத்து ஷெட்டில் ஓவர்லாக் மெஷின்கள் இரைய ஆரம்பித்தால், ஒன்றரை ஷிப்ட் முடிகிற இரவு எட்டரை வரை ஓயாது.

அந்த இரைச்சலையும் மீறிக் கத்துகிற ஜீவன் ஒன்று எங்கள் வீட்டுக் கொய்யா மரத்தில் இருக்கிறது. பத்து கிராமைத் தாண்டாத எடை. முதுகு இலைப்பச்சை, நெற்றி செம்பழுப்பு, எந்நேரமும் நிமிர்த்தி வைத்த வால். அதன் பெயரைச் சொன்னால் திருப்பூரில் யாரும் சிரிப்பார்கள்: தையல்சிட்டு.

போன ஆடியில் அது கூடு கட்டியதைச் சமையலறை ஜன்னலுக்கு உள்ளே நின்று பார்த்தேன். தைப்பது பெட்டை. தொங்குகிற இலையின் ஓரத்தில் அலகால் ஒரு குத்து. அந்தத் துளைக்குள் பஞ்சையோ நாரையோ சிலந்தி இழையையோ நுழைத்து, மறுபக்கம் தாவிப்போய் இழுக்கிறது. பிறகு அடுத்த இலையின் ஓரம். இரண்டு மூன்று இலைகள் சேர்ந்து ஒரு பை ஆனதும் உள்ளே மெத்தை. இலையின் மேற்பக்கம் வெளியே இருக்கும்படி தைப்பதாலும், துளை சிறிதாக இருப்பதால் இலை பழுக்காததாலும், கொய்யா பறிக்கிறவர் கை பக்கத்தில் போனாலும் கூடு இருப்பது தெரியாது.

எதிர்வீட்டில் இருப்பவர் முப்பது வருடம் பேட்லாக் டெய்லராக இருந்து, கண்பார்வை மங்கியதும் மெஷினை விட்டு எழுந்தவர். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“ஏந் தம்பி, இது பீஸ் ரேட்டுங்களா, ஷிப்டுங்களா?” என்றார் முதலில். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “தையல் என்னமோ சுத்தந்தான். ஆனா வெளிய பூராப் பிசிறு உட்டிருக்குது பாருங்க. செக்கிங்ல நிக்காது” என்று தீர்ப்பும் சொன்னார்.

சூட்சுமமே அந்தப் பிசிறில்தான் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் ராணுவ மருத்துவராக இருந்த ஜெர்டன், இந்தியப் பறவைகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். தையல்சிட்டு நூலுக்கு முடிச்சுப் போடுவதாக அவர் எழுதிவைத்தார். கூட்டைப் பிரித்துப் பார்த்த பின்னாள் ஆய்வாளர்களுக்கு முடிச்சு ஒன்றுகூட அகப்படவில்லை. துளைக்கு வெளியே வந்த நுனி பஞ்சாக விரிந்து, துளையைவிடப் பெரிதாகிவிடுகிறது. அதனால் உருவிக்கொண்டு திரும்பாது. தகட்டில் அடித்த ரிவெட் மாதிரிதான். பிசிறு வெட்டுவதற்கென்றே ஆள் வைத்திருக்கிற ஊரில், பிசிறை நம்பியே மூன்று நான்கு முட்டைகளைத் தொங்கவிடுகிறது இந்தச் சிட்டு.

இதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் தாமஸ் பென்னன்ட், ஆண்டு 1769. அந்தப் பெயரில் இருக்கிற ‘சுடோரியஸ்’ என்ற லத்தீன் சொல் செருப்புத் தைப்பவரைக் குறிப்பது. பனியன் ஊர்க்காரன் ஒருவன் பக்கத்தில் இருந்திருந்தால் சம்மதித்திருக்க மாட்டான்.

பன்னிரண்டு நாள் போல அடைகாத்தது. குஞ்சு பொரித்த பிறகு தாயும் தந்தையும் மாறி மாறிப் புழு கொண்டுவந்தன. ஒருநாள் காலையில் சத்தம் வேறு மாதிரி கேட்டது. கம்பெனி வேஸ்ட் மூட்டையிலிருந்து பறந்து வந்த பாலியெஸ்டர் நூல் ஒன்று கூட்டுக்குள் சேர்ந்திருந்தது. பஞ்சு நூல் இழுத்தால் அறும், இது அறாது. ஒரு குஞ்சின் காலை இறுக்கியிருந்தது. நகவெட்டியால் நூலை வெட்டிவிட்டு இறங்கிவிட்டேன். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவன். கால் மணி நேரத்தில் அது வாயில் பச்சைப் புழுவோடு திரும்பி வந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டு மாடியில் நூல் துண்டு ஒன்றுகூடக் கிடக்க விடுவதில்லை.

தையல்சிட்டைப் பார்க்கப் பழகிவிட்டால் மற்றவை தாமாகவே கண்ணில் படுகின்றன. தேன்சிட்டு, கிரில் கம்பியிலோ துணி காயப்போடும் கயிற்றிலோ குப்பைத் துணுக்குகளை ஒட்டடையால் கோத்துக் கூடு தொங்கவிடும். குப்பைதானே என்று விளக்குமாற்றால் தட்டிவிடாதவர்கள் புண்ணியவான்கள். பைக் கண்ணாடியில் தெரிகிற தன் உருவத்தைப் பகையாளி என்று எண்ணிக் கொத்துகிற சிட்டும் உண்டு. பழைய சாக்ஸ் ஒன்றைக் கண்ணாடிக்கு மாட்டிவிட்டால் சண்டை முடிந்தது. கொண்டைக்குருவி, தவிட்டுக்குருவிக் கூட்டம், ஒயரில் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும் கரிச்சான் எல்லாம் தெருவின் நிரந்தரக் குடிகள். ஐப்பசிக்குப் பிறகு வேலிப் புதருக்குள்ளிருந்து ‘செக், செக்’ என்று ஒரு குரல் கேட்கும். ஆள் வெளியே வராது. இமயத்துக்கு அப்பாலிருந்து குளிருக்குத் தப்பி வருகிற நாணல் கதிர்க்குருவி அது. வடக்கேயிருந்து பனியன் வேலைக்கு வருகிறவர்களை எண்ணிக்கொண்டிருக்கும் ஊர், இதை எண்ணுவதில்லை.

சிட்டுக்குருவி எங்கே என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் இல்லை. செல்போன் டவர்தான் காரணம் என்று 2018இல் வந்த ‘2.0’ படம் ஊருக்கே பாடம் எடுத்துவிட்டுப் போனது. ஆனால், 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை வேறு சொன்னது: நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவி எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது. குறுந்தொகையின் 46ஆம் பாட்டில் மாமிலாடன் வீட்டுக்குருவியைப் பாடுகிறார். அது முற்றத்தில் காய்கிற தானியம் தின்கிறது, மன்றத்து எருப் புழுதியில் குளிக்கிறது, இறவாணத்தில் குஞ்சோடு தங்குகிறது. எங்கள் தெருவில் முற்றம் கார் நிறுத்தமாகிவிட்டது, புழுதியைக் கான்கிரீட் மூடிவிட்டது, ஓட்டு வீடு ஒன்றும் மிச்சமில்லை. குஞ்சுக்கு வேண்டியதும் அரிசி இல்லை, பூச்சி. புழு பூச்சி இல்லாத இடத்தில் அட்டைப்பெட்டிக் கூடு மாட்டினால் அது பெட்டியாகத்தான் இருக்கும்.

பறவை பார்க்க வேண்டுமானால் நஞ்சராயன் குளத்துக்குப் போக வேண்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். போக வேண்டியதுதான். 125 ஹெக்டேர் நீர்ப்பரப்பு, 2022இல் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயம், 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. சாயத்துக்குப் பேர்போன ஊருக்கு இது சின்னப் பெருமை இல்லை. ஆனால் அதற்கு ஞாயிற்றுக்கிழமையும் பைனாகுலரும் வேண்டும். கொய்யா மரத்துக்கு ஒரு டம்ளர் காபி போதும். தாராபுரத்தில், அதே அமராவதி ஆற்றின் ஊரில் பிறந்த தியடோர் பாஸ்கரன், பறவைகளைத் தமிழ்ப் பெயரோடு அறிய வேண்டும் என்று பல வருடங்களாக எழுதி வருகிறார். பெயர் தெரிந்த பிறகுதான் எனக்கும் அவை ‘ஏதோ குருவி’யாக இல்லாமல் போயின.

பொங்கலுக்கு இந்த ஊர் காலியாகிவிடும். வேன் இல்லை, மெஷின் இல்லை. தெருவில் பறவைக் குரல் முழுதாகக் கேட்கிற நாட்கள் அவை. 2015 முதல் அதே நாட்களில்தான் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு வாசலிலோ மாடியிலோ 15 நிமிடமாவது நின்று, கண்டதையும் கேட்டதையும் எண்ணி, இபேர்ட் செயலியில் பதிவிட வேண்டும். போன தடவை எங்கள் பட்டியலில் பதினொரு பெயர் இருந்தது. பதினொன்றாவதைக் கண்டுபிடித்தவர், செக்கிங்கில் நிற்காது என்று சொன்ன அதே எதிர்வீட்டுக்காரர்.