25 வினாடிக் காப்பி

எஸ்பிரெஸ்ஸோ என்பது ஒரு கொட்டை வகையின் பெயரன்று. கருக வறுத்த காப்பியின் பெயருமன்று. மெல்லிதாக அரைத்து அழுத்திய பொடியின் ஊடே, கொதிநிலைக்குச் சற்றுக் கீழான வெந்நீரை மிகுந்த அழுத்தத்தில் செலுத்தி, அரை நிமிடத்துக்குள் வடித்தெடுக்கும் முறைக்கே அந்தப் பெயர். தமிழ்நாட்டுக் கல்யாண வீடுகளில் ‘எஸ்பிரெஸ்ஸோ காப்பி’ என்று கொடுக்கப்படுவது வேறு. இன்ஸ்டன்ட் காப்பித்தூளும் சர்க்கரையும் கலந்த பாலில் நீராவியைச் சீறவிட்டு, நுரை எழுப்பி, மேலே சாக்லேட் பொடி தூவிய பானம் அது. அங்கே இருப்பது இயந்திரத்தின் ஆவிக்குழல் மட்டுமே. அழுத்தத்தில் வடித்த டிகாஷன் இல்லை.

வீட்டு பில்டரில் தண்ணீர் தன் எடையால் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. எஸ்பிரெஸ்ஸோவில் அந்த வேலையை 9 பார் அழுத்தம் செய்கிறது. 90 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அதன் அடியில் எவ்வளவு அழுத்தம் இருக்குமோ, ஏறத்தாழ அவ்வளவு. 58 மி.மீ. விட்டமுள்ள வடிகட்டிக் கூடையில் இருக்கும் பொடியின் மேல் சுமார் 240 கிலோ எடை ஏறி உட்கார்வதற்கு அது சமம். இவ்வளவு விசையோடு வரும் நீருக்குத் தடையாக நிற்பது ஒரு விரற்கடை உயரப் பொடிதான். அந்தப் பொடி எப்படி அரைக்கப்பட்டது, எப்படிப் பரப்பப்பட்டது என்பதைப் பொறுத்தே கோப்பையின் சுவை அமைகிறது.

ஆவியிலிருந்து அழுத்தத்துக்கு

1884-இல் இத்தாலியின் டூரின் நகரத்தில் ஏஞ்சலோ மோரியோண்டோ நீராவியால் இயங்கும் காப்பி இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1901-இல் மிலானைச் சேர்ந்த லூயிஜி பெஸ்ஸெரா, ஒவ்வொரு கோப்பையையும் தனித்தனியே வடிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். தெசிதேரியோ பவோனி அந்த உரிமையை வாங்கி வணிகமாக்கினார். இவற்றில் நீரைத் தள்ளியது கொதிகலனின் ஆவி. அதன் அழுத்தம் ஒன்றரை பார் அளவே. வடிந்த காப்பியில் சூடு மிகுந்து கருகல் வாடை இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அக்கீலே காஜ்ஜியா ஆவியை விலக்கி, நெம்புகோலும் சுருள்வில்லும் கொண்டு வெந்நீரை அழுத்தும் இயந்திரங்களைக் கடைகளுக்குக் கொண்டுவந்தார். கோப்பையின் மேல் பொன்னிற நுரை முதன்முதலாகப் படர்ந்தது அப்போதுதான். வறுத்த கொட்டைக்குள் சிறைப்பட்டிருக்கும் கரியமில வாயு அழுத்தத்தில் கரைந்து, கோப்பையில் விழும்போது நுண்குமிழ்களாக வெளியேறி, காப்பியின் எண்ணெயோடு சேர்ந்து உருவாவது அந்த நுரை. இத்தாலியர் இதற்கு இட்ட பெயர் ‘க்ரீமா’; ஆடை என்று பொருள். 1961-இல் ஃபாயேமா நிறுவனத்தின் இ61 இயந்திரம் கைவிசைக்குப் பதிலாக மின்பம்பைப் பொருத்தியது. இன்று வீட்டு மேடையில் உட்காரும் சிறு இயந்திரங்களும் அதே வழிவந்தவை.

கொட்டை

வறுத்த கொட்டை முதல் சில நாள் வாயுவை வேகமாக வெளியேற்றும். அப்போதே வடித்தால் நுரை பொங்கும். ஆனால் நீர் பொடியில் சீராக ஊறாது. வறுத்து ஒரு வாரம் ஆனதும் பயன்படுத்தத் தொடங்கி, ஒன்றரை மாதத்துக்குள் தீர்ப்பது நல்லது. பொட்டலத்தில் காலாவதி நாளைவிட வறுத்த நாளைத்தான் பார்க்க வேண்டும். அரைத்த பொடியின் மணமோ சில நிமிடங்களிலேயே குறையத் தொடங்கும். எனவே வேண்டும்போது வேண்டிய அளவே அரைப்பது வழக்கம்.

அராபிகா மணமும் மென்புளிப்பும் தரும். ரோபஸ்டா கனத்தையும் கசப்பையும் தடித்த நுரையையும் தரும். குடகிலும் சிக்கமகளூரிலும் விளையும் ரோபஸ்டா இத்தாலியக் கலவைகளில் சேர்வது இதனால்தான். இந்தியக் காப்பியை மிகுதியாக வாங்கும் நாடு இத்தாலி. பாலில் கலந்து குடிப்பவர்களுக்கு நடுத்தர வறுவலோ சற்றுக் கூடுதல் வறுவலோ பொருந்தும். இளவறுவல் கொட்டையில் சுவைகளைப் பிரித்தெடுப்பது பழகாத கைக்குக் கடினம். சிக்கரி கலந்த பில்டர் பொடி இதற்கு உதவாது. சிக்கரி தன் கசப்பால் காப்பியை மூடிவிடும். பில்டருக்கான அரவையும் இதற்குப் பெரிது.

அரவை

மிக்ஸியின் கத்தி கொட்டையை நறுக்குகிறது. துண்டுகள் ஒரே அளவில் விழுவதில்லை. மாவுபோன்ற துகளிலிருந்து கசப்பு மிகுதியாக இறங்கும். பெரிய துகளின் உள்ளே நீர் எட்டாது. ஒரே கோப்பையில் கசப்பும் புளிப்பும் சேர்ந்து நிற்பது இப்படித்தான். எஸ்பிரெஸ்ஸோவுக்குத் தேவை பர் கிரைண்டர். மாவரைக்கும் இயந்திரக் கற்களைப்போல, இரண்டு பல்வெட்டிய தகடுகளுக்கோ கூம்புகளுக்கோ இடையில் கொட்டை நொறுங்கும். இடைவெளியைத் திருகிக் கூட்டவும் குறைக்கவும் முடியும். கையால் சுற்றும் நல்ல அரவை இயந்திரமும் போதும். மொத்தச் செலவில் இயந்திரத்துக்கு இணையாக அரவைக்கும் ஒதுக்குவது வீணாகாது.

அரவை மெல்லிதானால் துகள்களின் மேற்பரப்பு கூடும். நீர் செல்லும் இடுக்கு குறையும். காப்பி மெதுவாக வடியும், அதிகம் கரையும். பெரிதானால் எதிர்மாறாக நடக்கும். பொடியின் எடையில் சுமார் 30 விழுக்காடு நீரில் கரையக்கூடியது. பொடியின் எடையில் 18 முதல் 22 விழுக்காடு வரை இறங்கினால் சுவை சமனாக இருக்கும். புளிப்புத் தரும் பொருள்கள் முதலில் கரைகின்றன. இனிமையும் கனமும் அடுத்து. கசப்பும் துவர்ப்பும் கடைசியில். நல்ல எஸ்பிரெஸ்ஸோ என்பது கடைசிப் பகுதி மிகுவதற்கு முன் கோப்பையை எடுப்பது.

வடிக்கும் முறை

இத்தாலிய எஸ்பிரெஸ்ஸோ தேசிய நிறுவனம் ஒரு கோப்பைக்கு வகுத்த அளவு 7 கிராம் பொடி, 25 வினாடி, 25 மி.லி. காப்பி. இன்று வீடுகளிலும் கடைகளிலும் பரவலாக இருப்பது இரட்டை அளவு: 18 கிராம் பொடியிலிருந்து 36 கிராம் காப்பி, 25 முதல் 30 வினாடியில். நுரை உயரம் கண்ணை ஏமாற்றும் என்பதால் மி.லி.யைவிடக் கிராமே நம்பகமானது. 0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசு இதில் கண்டிப்பாகத் தேவை.

இயந்திரத்தைக் குறைந்தது 20 நிமிடம் முன்பே போட்டு வைக்க வேண்டும். வெந்நீர் 90 முதல் 96 டிகிரி வரை இருக்கலாம். ஆனால் கைப்பிடியுள்ள வடிகட்டிக் கரண்டி குளிர்ந்திருந்தால் அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். கரண்டியையும் பொருத்தியே சூடேற்றுவது அதனால்தான்.

எடைபார்த்து அரைத்த பொடியைக் கூடையில் இட்டதும், மெல்லிய ஊசியால் அடிவரை கிளறிக் கட்டிகளை உடைக்க வேண்டும். பிறகு டாம்பர் என்னும் தட்டையான அழுத்தியால் நேராக ஒருமுறை அழுத்த வேண்டும். எவ்வளவு பலமாக என்பது பெரிய செய்தியன்று. பம்பின் 240 கிலோவுக்கு முன் மனிதக் கையின் 10, 15 கிலோ எம்மாத்திரம்? சாயாமல் அழுத்துவதே முக்கியம். ஒருபுறம் தாழ்ந்தால் நீர் அந்த வழியே பீறிடும். தளர்ந்த இடத்தைத் துளைத்து நீர் ஓடும் இந்தக் குறையில், ஓட்டம் விழுந்த இடத்துப் பொடி கசந்து, மற்ற பகுதி கரையாமல் நின்றுவிடும்.

பம்பைத் தட்டியதும் கடிகாரம் ஓடத் தொடங்கும். நான்கைந்து வினாடியில் கருஞ்சொட்டுகள் தெரியும்; பிறகு தேன்போலச் சரம் கட்டும்; போகப்போக நிறம் வெளிறும். தராசு 36-ஐ நெருங்கும்போது நிறுத்த வேண்டும்.

15 வினாடியில் அளவு நிறைந்து, சுவை புளித்து நீர்த்திருந்தால் அரவையை மெல்லிதாக்க வேண்டும். 40 வினாடி ஆகியும் சொட்டுச் சொட்டாக வடிந்து, நாக்கில் கசப்பும் வறட்சியும் தங்கினால் பெரிதாக்க வேண்டும். பொடியின் எடை, காப்பியின் எடை இரண்டையும் மாற்றாமல் அரவையை மட்டும் மாற்றிப் பார்ப்பது கற்பதற்கு எளிய வழி. ஒரே சமயத்தில் இரண்டை மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. புதிய பொட்டலம் பிரிக்கும்போது முதல் இரண்டு, மூன்று கோப்பை சரிபார்ப்பதிலேயே போகும்.

விலைகுறைந்த இயந்திரங்கள் பலவற்றில் இரட்டைச் சுவருள்ள கூடை இருக்கும். அதன் அடியில் ஒரே ஒரு நுண்துளை. அழுத்தத்தை அந்தத் துளையே உண்டாக்குவதால் எந்தப் பொடிக்கும் நுரை வரும். கடைப்பொடி வாங்குபவர்களுக்கு அது வசதி. ஆனால் அரவையின் குறையையும் நிறையையும் அது காட்டாது. நல்ல கிரைண்டர் இருந்தால் ஒற்றைச் சுவர்க் கூடைக்கு மாறுவதே பயன் தரும். ‘15 பார்’ என்ற விளம்பரம் பம்பின் உச்ச வலிமையைச் சொல்வது. காப்பிக்கு வேண்டியது 9 பார்தான்.

பால்

பாலில் நுரையைத் தாங்குவது புரதம். குமிழைச் சுற்றி மெல்லிய சுவராக நிற்பது அதுவே. கொழுப்பு வழுவழுப்பையும் மணத்தையும் தரும். பாக்கெட் பாலில் சமன்படுத்திய வகையில் 3 விழுக்காடு, நிலைப்படுத்தியதில் 4.5, நிறைகொழுப்பில் 6 விழுக்காடு கொழுப்பு உண்டு. நிலைப்படுத்திய பால் பழகுவதற்கு ஏற்றது. பாஸ்டர் முறையில் பதப்படுத்திய பாக்கெட் பாலைக் காய்ச்சாமல் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேரே பயன்படுத்தலாம். கறந்த பாலானால் காய்ச்சி ஆறவைத்தே எடுக்க வேண்டும். நாள்பட்ட பாலில் கொழுப்பு சிதைந்து உருவாகும் அமிலங்கள் நுரையை நிற்கவிடா.

எஃகுக் குவளையில் மூக்கின் அடிவிளிம்பு வரை குளிர்ந்த பால் ஊற்ற வேண்டும். ஆவிக்குழலை முதலில் வெறுமனே திறந்து, தேங்கிய நீரை வெளியேற்றுவது அவசியம். குழலின் நுனியைப் பாலின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, நடுவிலிருந்து சிறிது விலக்கி வைத்து ஆவியை முழுதாகத் திறக்க வேண்டும். தாளைக் கிழிப்பதுபோல் விட்டுவிட்டு ‘ஸ்ஸ்’ என்ற ஒலி வந்தால் காற்று அளவாகச் சேர்கிறது. கீச்சென்ற அலறல் வந்தால் நுனி ஆழ்ந்துவிட்டது. பெரிய குமிழ்கள் தெறித்தால் மேலே வந்துவிட்டது.

காற்றைச் சேர்ப்பது குவளை கைச்சூட்டை எட்டும் வரைதான், ஏறத்தாழ 37 டிகிரி. அதன்பின் நுனியை இன்னும் சற்று அமிழ்த்தி, பால் சுழியாகச் சுழலும்படி வைத்தால் பெருங்குமிழ்கள் உடைந்து நுண்நுரையாகும். குவளையின் அடியில் கை வைக்க முடியாத சூடு, அதாவது 60 முதல் 65 டிகிரி, வந்ததும் ஆவியை மூட வேண்டும். இந்தச் சூட்டில் பாலின் இயல்பான இனிப்பு நாக்குக்கு நன்றாகத் தெரியும். 70-ஐத் தாண்டினால் மோர்ப்புரதங்கள் குலைந்து காய்ச்சிய வாடை எழும், நுரையும் தளரும். ஆவி பறக்கும் டபரா காப்பிக்குப் பழகியவர்களுக்கு இது ஆறிய காப்பியாகத் தோன்றலாம். கோப்பையை வெந்நீரில் சூடாக்கிக்கொண்டால் அந்தக் குறை பாதி தீரும்.

முடிந்ததும் குவளையை மேடையில் ஒருமுறை தட்டி, வட்டமாகச் சுழற்ற வேண்டும். பால் பளபளவென்று, புதிதாகப் பூசிய வண்ணம்போல் தெரிந்தால் சரி. நிறுத்தி வைத்தால் நுரை மேலும் பால் கீழுமாகப் பிரிந்துவிடும். எனவே உடனே ஊற்றிவிட வேண்டும். ஒரே கொதிகலன் உள்ள இயந்திரத்தில் காப்பியை முதலில் வடித்து, பிறகு ஆவிக்கு மாற்றுவது முறை. ஆவிக்குப் பிறகு உடனே வடித்தால் மிகைச்சூட்டில் பொடி கருகும்.

எஸ்பிரெஸ்ஸோவோடு பாலும் கனத்த நுரையும் சேர்ந்த சிறு கோப்பை கப்புச்சீனோ. பால் கூடி நுரை மெல்லிதானால் லாத்தே. ஓரிரு கரண்டி நுரை மட்டும் இட்டால் மக்கியாத்தோ.

துப்புரவு

காப்பி எண்ணெய் விரைவில் சிக்கடிக்கும். ஒவ்வொரு முறையும் பொடிச்சக்கையைத் தட்டிவிட்டு, வெந்நீரை ஓடவிட்டுத் துடைக்க வேண்டும். ஆவிக்குழலைப் பால் காயுமுன் ஈரத்துணியால் துடைத்து, ஒருமுறை ஆவியை வெளியேற்றுவது கட்டாயம். இல்லையேல் துளையில் பால் இறுகிவிடும். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் கொதிகலனில் சுண்ணாம்பாகப் படியும். முழுதும் உப்பு நீக்கிய நீரிலோ காப்பி சப்பென்று இருக்கும். உப்பைச் சிறிதளவு விட்டுவைக்கும் வடிகட்டி நீரே இயந்திரத்துக்கும் சுவைக்கும் ஏற்றது.