எதிரிகளை ஒரே மேஜையில் உட்காரவைத்த பள்ளி!

பரீட்சை கிடையாது. மார்க் கிடையாது. படித்து முடித்தால் பட்டமும் கிடையாது. ஆனால், சேர்ந்த நாள் முதல் கிளம்பும் நாள் வரை அங்கேயே தங்க வேண்டும். எல்லோருடனும் ஒரே மேஜையில் சாப்பிட வேண்டும். தோட்டத்திலும் சமையலறையிலும் வேலை பார்க்க வேண்டும். முக்கியமாக, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருடன் சேர்ந்து வாழப் பழக வேண்டும்.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது!

முதல் உலகப் போர் 1918 நவம்பரில் முடிந்தது. அதிலிருந்து மூன்றே ஆண்டுகளில், 1921-ல், டென்மார்க்கின் ஹெல்சிங்கோர் நகரில் இந்தப் பள்ளியைத் தொடங்கினார் பீட்டர் மானிகே. அப்போது அவர் முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். போரில் எதிரெதிர் அணியில் நின்று சுட்டுக்கொண்ட நாடுகளின் பிள்ளைகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து வைப்பதுதான் அவருடைய திட்டம். பள்ளியின் பெயர், 'இன்டர்நேஷனல் பீப்பிள்ஸ் காலேஜ்'. நூறு ஆண்டுகளைத் தாண்டி இன்றும் அது நடந்துகொண்டிருக்கிறது.

ஜெர்மானியர்களையும் ஆங்கிலேயர்களையும் சேர்த்து உட்காரவைக்க டென்மார்க்குக்கு ஏன் தோன்றியது? அதைப் புரிந்துகொள்ள, இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

'ஃபோக் ஹைஸ்கூல்' என்றால் என்ன?

பெயரில் ஹைஸ்கூல் என்று இருந்தாலும், இது பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு விவகாரம் இல்லை. பள்ளி வயதைத் தாண்டிய இளைஞர்கள் சில மாதங்கள் தங்கிப் படிக்கும் இடம் இது. 'மக்கள் பள்ளி' என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த யோசனைக்குச் சொந்தக்காரர், குருண்ட்விக் (1783-1872). பாதிரியார், கவிஞர், வரலாற்று ஆர்வலர். அவர் காலத்து டென்மார்க்கில் படிப்பு என்றால் லத்தீன் இலக்கணமும் மனப்பாடமும்தான். விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அதே நேரத்தில், மன்னராட்சி கொஞ்சம் கொஞ்சமாக மாறி, விவசாயிகளும் ஆலோசனைச் சபைகளில் உட்காரும் காலம் வந்துகொண்டிருந்தது. 'நாளைக்கு நாட்டை நடத்தப்போகும் இவர்களுக்கு யார் கற்றுக்கொடுப்பது?' என்பது குருண்ட்விக்கின் கவலை. தாய்மொழியில், உரையாடல் வழியாக, வாழ்க்கைக்கான படிப்பு வேண்டும் என்றார். பரீட்சை என்ற பேச்சே கூடாது என்பதில் உறுதியாக இருந்தார்.

அவருடைய யோசனையில் உருவான முதல் பள்ளி, 1844-ல் ரோடிங் என்ற ஊரில் திறக்கப்பட்டது. டென்மார்க் என்றதும் நம் நினைவுக்கு வருவது தரங்கம்பாடியின் டேனிஷ் கோட்டைதானே? அந்தத் தரங்கம்பாடியை டேனிஷ்காரர்கள் ஆங்கிலேயர்களிடம் விற்றது 1845-ல். அதற்கு முந்தைய ஆண்டுதான், அவர்களின் சொந்த மண்ணில் இந்தப் புதுமாதிரிப் பள்ளி பிறந்தது.

அடுத்து 1851-ல், செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகனான கிறிஸ்டன் கோல் என்பவர் ரிஸ்லிங்கே கிராமத்தில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். மாணவர்கள் தூங்கிய அதே பரணில்தான் அவரும் படுத்துக்கொண்டார். பாடம் நடத்தியதைவிட கதை சொன்னதுதான் அதிகம். ஆசிரியரும் மாணவரும் ஒரே வீட்டில் ஒன்றாக வாழ்வதே பாதிப் படிப்பு என்ற எண்ணம் அங்கிருந்துதான் வேர்பிடித்தது.

பறிபோன முதல் பள்ளி

ரோடிங் இருந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். அது ஷ்லெஸ்விக் பகுதி. டேனிஷ் பேசுபவர்களும் ஜெர்மன் பேசுபவர்களும் கலந்து வாழ்ந்த எல்லைப் பிரதேசம். ஜெர்மன் செல்வாக்குக்கு நடுவே டேனிஷ் மொழியைக் காப்பாற்ற வேண்டும் என்பதும் அந்தப் பள்ளியின் நோக்கங்களில் ஒன்று.

1864-ல் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் சேர்ந்து டென்மார்க்கைத் தோற்கடித்தன. நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கைவிட்டுப் போனது. அதில் ரோடிங்கும் ஒன்று. அங்கிருந்த ஆசிரியர்கள் புதிய எல்லையைத் தாண்டி வடக்கே வந்து, 1865-ல் ஆஸ்கோவ் என்ற ஊரில் பள்ளியை மறுபடி தொடங்கினார்கள்.

அந்தத் தோல்விக்குப் பிறகு மக்கள் பள்ளிகள் நாடு முழுக்கப் பரவின. இழந்த நிலத்தை மீட்க முடியாது; இருக்கும் மக்களையாவது உயர்த்துவோம் என்ற வேகம் அது. குளிர்காலத்தில் வயலில் வேலை இருக்காது என்பதால் அப்போது இளைஞர்களுக்கு வகுப்பு, கோடையில் இளம்பெண்களுக்கு வகுப்பு என்று விவசாயிகளின் நாள்காட்டியை ஒட்டியே பள்ளிகள் நடந்தன.

பலன் சாப்பாட்டுத் தட்டு வரை வந்தது. அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் மலிவான தானியம் ஐரோப்பாவில் வந்து குவிந்தபோது, டேனிஷ் விவசாயிகள் தானியத்தை விட்டு வெண்ணெய், பன்றி இறைச்சி என்று மாறினார்கள். 1882-ல் முதல் கூட்டுறவுப் பால் பண்ணை தொடங்கியது. பத்து மாடு வைத்திருப்பவருக்கும் நூறு மாடு வைத்திருப்பவருக்கும் ஒரே ஓட்டு. அந்தச் சங்கங்களை முன்னின்று நடத்தியவர்களில் பலர் மக்கள் பள்ளிகளில் தங்கிப் படித்தவர்கள்.

ஆக, இந்தப் பள்ளிகள் டேனிஷ் மக்களுக்குச் சொந்த வீடு மாதிரி. அந்த வீட்டைப் பறித்தவர்கள் என்ற இடத்தில் இருந்தது ஜெர்மனி.

தோட்டமே வகுப்பறை

முதல் உலகப் போரில் டென்மார்க் நடுநிலை வகித்தது. ஆனால், வடக்கு ஷ்லெஸ்விக்கில் வாழ்ந்த டேனிஷ்காரர்கள் ஜெர்மன் குடிமக்களாக இருந்ததால், சுமார் 30,000 பேர் ஜெர்மன் ராணுவத்தில் சேர்க்கப்பட்டார்கள். தங்களுடையது அல்லாத போரில் 5,000-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். போர் முடிந்து, 1920-ல் நடந்த பொது வாக்கெடுப்பில்தான் ரோடிங் உள்ளிட்ட வடக்கு ஷ்லெஸ்விக் மறுபடி டென்மார்க்கோடு சேர்ந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு ஜெர்மன் இளைஞர்களை வீட்டுக்கே அழைக்கிறார் பீட்டர் மானிகே. அவர் செய்த காரியத்தின் கனம் இங்கேதான் இருக்கிறது. டேனிஷ் அடையாளத்தைக் காப்பதற்குக் கைகொடுத்த பள்ளி முறையை அப்படியே எடுத்து, அதன் கதவை அடுத்த நாட்டுக்காரர்களுக்குத் திறந்துவிட்டார்.

அவருக்கு இங்கிலாந்தில் நண்பர்கள் இருந்தார்கள். குறிப்பாக, குவாக்கர்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஆயுதம் ஏந்தக் கூடாது என்று நம்பும் கிறிஸ்தவப் பிரிவினர் இவர்கள். பிரிட்டனிலும் டென்மார்க்கிலும் கிடைத்த ஆதரவாளர்களின் உதவியோடு, ஹெல்சிங்கோருக்கு வெளியே ஒரு பண்ணையில் பள்ளி தொடங்கியது.

இடமும் பொருத்தமானது. ஆங்கிலத்தில் எல்சினோர் என்று சொல்லப்படும் இதே ஊரில்தான், ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகம் நடப்பதாக வரும் குரோன்போர்க் கோட்டை இருக்கிறது. எதிரே நான்கு கிலோமீட்டர் தொலைவில், கடலுக்கு அந்தப் பக்கம் ஸ்வீடன். பல நூற்றாண்டுகள் எல்லா நாட்டுக் கப்பல்களும் இங்கே நின்று டென்மார்க் மன்னருக்கு வரி கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். 1857-ல்தான் அந்த வரி ஒழிந்தது. வெளிநாட்டு முகங்கள் இந்த ஊருக்குப் புதிதல்ல.

ஆனால், பள்ளியை நடத்துவது சுலபமாக இருக்கவில்லை. முதல் பிரச்னை, மொழி. மற்ற மக்கள் பள்ளிகளின் உயிரே தாய்மொழிதான். இங்கே யாருடைய தாய்மொழியில் பாடம் நடத்துவது? டேனிஷ், ஆங்கிலம், ஜெர்மன் என்று மூன்று மொழிகளையும் வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வகுப்பில் தட்டுத்தடுமாறும் நிலை. எல்லோருமே ஒரு நேரத்தில் அரைகுறையாகப் பேச வேண்டியிருக்கும்போது, யாருக்கும் யாரைப் பார்த்தும் சிரிக்கத் தோன்றாதுதானே?

இரண்டாவது பிரச்னை, பணம். போரில் நொடித்துப்போன ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் வருபவர்களின் கையில் காசு ஏது? 1923-ல் ஜெர்மன் பணம் ஒரு ரொட்டிக்கே கோடிக்கணக்கில் கொடுக்கும் அளவுக்கு மதிப்பிழந்துபோனது. இங்கேதான் பண்ணை கைகொடுத்தது. வயலிலும் தோட்டத்திலும் வீட்டு வேலையிலும் மாணவர்கள் இறங்கினார்கள். காசு இல்லாதவர்களுக்கு உழைப்பே கட்டணத்தில் ஒரு பங்கு.

செலவைச் சமாளிக்க வந்த இந்த ஏற்பாட்டுக்குள் இன்னொரு நன்மையும் ஒளிந்திருந்தது. 'போருக்கு யார் காரணம்?' என்று விவாதம் வைத்தால் பத்து நிமிடத்தில் சண்டை வந்துவிடும். அதுவே, இரண்டு பேர் சேர்ந்து ஒரு உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கும்போது, 'நீ அந்தப் பக்கம் பிடி' என்று சொல்லித்தான் ஆக வேண்டும். முதலில் அந்தப் பேச்சு. மற்ற பேச்சுகள் பிறகு.

காலையில் எல்லோரும் கூடிப் பாடுவது, ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரே மேஜையில் சாப்பிடுவது என்று மற்ற மக்கள் பள்ளிகளின் வழக்கங்கள் இங்கேயும் தொடர்ந்தன. பரீட்சை இல்லாததற்கும் இங்கே கூடுதல் அர்த்தம் உண்டு. 'இந்த நாட்டுக்காரர் முதலிடம், அந்த நாட்டுக்காரர் கடைசி இடம்' என்று பட்டியல் போடும் பேச்சுக்கே இடமில்லை.

அப்படியும் போர் வந்ததே?

வந்தது. பள்ளி தொடங்கி 18 ஆண்டுகளில் இரண்டாம் உலகப் போர். 1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மன் படைகள் டென்மார்க்குக்குள்ளேயே நுழைந்தன. ஐந்து ஆண்டுகள் நாடு அவர்களின் பிடியில் இருந்தது.

அப்படியானால் மானிகேவின் முயற்சி தோல்விதானா? சில டஜன் பேர் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டதால் ஹிட்லரைத் தடுத்திருக்க முடியாது. ஒரு பள்ளியிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆனால், இரண்டாம் முறையும் எல்லாம் இடிந்து விழுந்த பிறகு, மறுபடி எங்கிருந்து தொடங்குவது என்று உலகம் தேடியபோது, காட்டுவதற்கு ஓர் இடம் தயாராக இருந்தது. 1949-ல் யுனெஸ்கோ தன்னுடைய முதல் சர்வதேச வயதுவந்தோர் கல்வி மாநாட்டை நடத்தியது ஹெல்சிங்கோரின் இதே பள்ளியில்தான்.

மக்கள் பள்ளி என்ற யோசனை மற்ற நாடுகளுக்கும் பயணப்பட்டது. டென்மார்க்கின் பள்ளிகளை நேரில் பார்த்துவிட்டு அமெரிக்கா திரும்பிய மைல்ஸ் ஹார்ட்டன், 1932-ல் டென்னசி மாநிலத்தில் 'ஹைலேண்டர்' பள்ளியைத் தொடங்கினார். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒன்றாக உட்காரக் கூடாது என்ற சட்டங்கள் இருந்த மண்ணில், அவர்களை ஒரே மேஜையில் உட்காரவைத்த பள்ளி அது. 1955 கோடையில் அங்கே ஒரு பயிற்சிக்கு வந்துபோன பெண், அதே ஆண்டு டிசம்பரில் மான்ட்கோமரி நகரப் பேருந்தில் தன் இருக்கையை விட்டு எழ மறுத்தார். அவர்தான் ரோசா பார்க்ஸ்!

நமக்குப் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. மைசூருக்கு அருகே நஞ்சன்கூட்டில், கிராமத்து இளைஞர்களுக்காக 1940-களின் இறுதியில் தொடங்கப்பட்ட வித்யாபீடம், டேனிஷ் மக்கள் பள்ளிகளை முன்மாதிரியாகக் கொண்டதுதான்.

இன்றைக்கு யார் படிக்கலாம்?

டென்மார்க்கில் இன்று 70-க்கும் மேற்பட்ட மக்கள் பள்ளிகள் இருக்கின்றன. இசை, விளையாட்டு, நாடகம், சுற்றுச்சூழல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறப்பு. பள்ளிப்படிப்பை முடித்த கையோடு கல்லூரிக்கு ஓடாமல், சில மாதங்கள் இங்கே தங்கி, 'எனக்கு என்ன பிடிக்கும்?' என்று யோசிக்கும் இளைஞர்கள் அதிகம். அரசும் நிதியுதவி செய்கிறது. பரீட்சை வைக்கக் கூடாது என்ற கொள்கை மட்டும் மாறவில்லை.

ஹெல்சிங்கோர் பள்ளியில் இப்போது பாடமொழி ஆங்கிலம். பல கண்டங்களிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். 1988-ல் ஐ.நா. சபை இந்தப் பள்ளிக்கு 'அமைதித் தூதர்' என்ற சிறப்பைக் கொடுத்தது.

வெளிநாட்டுப் படிப்பு என்றதும் ஆர்வமாகும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இது பட்டப்படிப்பு இல்லை. இங்கே தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் கட்டணம் உண்டு. நம் நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு விசாவும் வேண்டும். வேலை வாங்கித் தரும் சான்றிதழை எதிர்பார்த்து யாராவது அனுப்பினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஆனால், இந்தப் பள்ளியின் முறையில் ஒரு பகுதிக்கு விசா தேவையில்லை. நம்மூர் ஹாஸ்டலிலும் அலுவலகத்திலும், ஏன், ஒரே தெருவிலும்கூட சாதி, மதம், மொழி, ஊர் என்று பிரிந்து உட்காரும் மேஜைகள் எத்தனை இருக்கின்றன! அவர்களைச் சேர்த்துவைக்க நாம் பெரும்பாலும் கூட்டம் போடுகிறோம், உறுதிமொழி எடுக்கவைக்கிறோம். மானிகே அவர்கள் கையில் ஒரு வேலையைக் கொடுத்தார். இரண்டு பேர் சேர்ந்தால்தான் முடியும் வேலையாகப் பார்த்துக் கொடுத்தார்.