பழைய மோட்டார் சைக்கிளின் மின்னேற்ற உறுப்புக்களைப் புதுப்பிக்கும் முறை

புதுச்சேரி நகரிலும் அதனைச் சூழ்ந்த வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம் முதலிய கொம்யூன்களிலும் பழைய புல்லட் மோட்டார் சைக்கிள்கள் இன்றும் காணப்படுகின்றன. இவ்வண்டியின் பூர்விகம் இங்கிலாந்திலுள்ள ரெட்டிட்ச் நகரமாகும். பிரெஞ்சு நிர்வாகம் புதுச்சேரியை 1954-ஆம் வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி ஒப்படைத்தது. அதற்கு மறு வருஷம், அதாவது 1955-ல், ரெட்டிட்ச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்பீல்ட் இந்தியா கம்பெனியைச் சென்னையில் ஸ்தாபித்தன. பின்னர் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் வண்டிகள் தயாராயின. தகப்பனார் காலத்தில் வாங்கிய வண்டியை மகனும் பேரனும் ஓட்டி வரும் குடும்பங்கள் பல உண்டு.

இவ்வண்டிகளின் எஞ்சின் எளிதில் கெடுவதில்லை. முதலில் கெடுவது மின்னேற்ற ஏற்பாடே. இரவில் மோட்டார் கொட்டகைக்குச் சென்று திரும்பும் குடியானவருக்கு, வழியில் விளக்கு மங்குவதும் பற்றவைப்பு நிற்பதும் வெறும் தொந்தரவு மாத்திரம் அல்ல. கனரக வண்டிகள் விரையும் சாலையில் அது உயிருக்கே அபாயமாகும். ஆகையால் இதன் தன்மையை அறிந்து உரிய காலத்தில் பழுது நீக்குவது அவசியம்.

ஏற்பாட்டின் விவரம்

ஆல்டர்னேட்டர் பொருத்திய வண்டியில், கிராங்க் தண்டின் இடது நுனியில், செயின் கேஸுக்குள் ரோட்டர் என்னும் காந்தச் சக்கரம் சுழலுகிறது. அதைச் சுற்றி அசையாது நிற்கும் கம்பிச் சுருள்களுக்கு ஸ்டேட்டர் என்று பெயர். காந்தம் சுழலும்போது சுருளில் மாறுதிசை மின்சாரம் உண்டாகிறது. பாட்டரியோ ஒரே திசையில் செல்லும் மின்சாரத்தையே ஏற்கும். ஆதலால் இடையில் ரெக்டிபையர் என்னும் உறுப்பு வைக்கப்பட்டிருக்கிறது. கிணற்றிலிருந்து ஏற்றிய நீர் திரும்பிப் போகாதபடி வால்வு தடுப்பது போல, அது மின்சாரத்தை ஒரு திசையிலேயே விடுகிறது. மின் அழுத்தம் அளவு கடவாமல் காப்பது ரெகுலேட்டர்.

மிகப் பழைய 6 வோல்ட் ஏற்பாடுகளில் ரெகுலேட்டர் கிடையாது. பகலில் சில சுருள்களும், தலைவிளக்கு எரியும்போது எல்லாச் சுருள்களும் வேலை செய்யுமாறு ஸ்விச்சிலேயே இணைப்பு அமைந்திருக்கும். அந்த ஸ்விச் தேய்ந்துவிட்டால் பாட்டரி ஒன்று பட்டினி கிடக்கும். அல்லது மிகுதியாக ஏறிக் கொதிக்கும்.

கோளாற்றின் காரணங்கள்

புதுச்சேரியில் கடற்காற்று ஒரு தனிப் பகையாகும். உப்பு ஈரம் படிந்து முனைகளில் பச்சைக் களிம்பு உண்டாகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இது அதிகரிக்கும். இக்களிம்பினால் நேரும் நஷ்டத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 30 வாட் விளக்குக்கு 6 வோல்ட்டில் 5 ஆம்பியர் தேவை. வழியில் 0.2 ஓம் தடை இருப்பின் ஏறத்தாழ 1 வோல்ட் வீணாகும். அதாவது ஆறில் ஒரு பங்கு போய்விடும். அதே விளக்கு 12 வோல்ட்டில் 2.5 ஆம்பியரே எடுக்கும். நஷ்டம் அரை வோல்ட், இருபத்துநாலில் ஒரு பங்கு மாத்திரமே. பழைய 6 வோல்ட் வண்டிகளில் சுத்தமான இணைப்பு ஏன் இத்தனை முக்கியம் என்பது இதனால் விளங்கும்.

பரிசோதனை

உறுப்புக்களை வாங்குமுன் குறையைக் கண்டுபிடித்தல் வேண்டும். புதுப் பாட்டரி வாங்கிப் போட்டு, அதுவும் சில வாரங்களில் சாகக் கண்டு வருந்துவோர் பலர். பழுது பாட்டரியில் அல்லாது வேறிடத்தில் இருந்ததே அதற்குக் காரணமாகும்.

முதலாவது, ஓய்ந்திருக்கும் நல்ல 12 வோல்ட் பாட்டரி சுமார் 12.6 வோல்ட்டும், 6 வோல்ட் பாட்டரி சுமார் 6.3 வோல்ட்டும் காட்டும். எஞ்சின் மிதமான வேகத்தில் ஓடும்போது இவை முறையே 14 வோல்ட், 7 வோல்ட் அளவுக்கு உயர வேண்டும். உயராவிடில் மின்னேற்றம் இல்லை. 12 வோல்ட் பாட்டரியில் 15-க்கு மேல் சென்றால் ரெகுலேட்டர் பழுது.

இரண்டாவது, எஞ்சினை நிறுத்தி, ஸ்டேட்டர் கம்பிகளைக் கழற்றி, ஒவ்வொரு கம்பிக்கும் வண்டியின் உலோகத்துக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்க்கவும். தொடர்பு காட்டினால் சுருளின் காப்பு வெந்துவிட்டது. ஸ்டேட்டரை மாற்றுவதே நன்று.

மூன்றாவது, பாட்டரியின் எந்த முனை சட்டத்தோடு சேர்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளவும். பழைய ஆங்கில வண்டிகள் பலவற்றில் நேர்முனையே சட்டத்தில் இணைந்திருக்கும். இதைக் கவனியாமல் புது ரெகுலேட்டரை மாற்றி இணைத்தால் அது கணத்தில் கருகிவிடும்.

மாற்றும் முறை

வேலை தொடங்குமுன் பாட்டரியில் சட்டத்தோடு சேர்ந்த கம்பியை முதலில் கழற்ற வேண்டும்; முடிவில் அதையே கடைசியாகப் பூட்ட வேண்டும். பழைய இணைப்புக்களை ஒரு தாளில் வரைந்து வைப்பது நலம். கம்பியின் நிறத்தை மாத்திரம் நம்புவது தகாது. இத்தனை வருஷங்களில் எத்தனை கைகள் அதில் பட்டனவோ!

செயின் கேஸின் எண்ணெயை வடித்து மூடியைக் கழற்றியபின் ஸ்டேட்டர் தெரியும். ரோட்டரை எடுத்தால் இரும்புத்தூள் ஒட்டாத சுத்தமான துணியில் வைக்கவும். திரும்பப் பூட்டும்போது சாவிக்கட்டையும் நட்டும் உறுதியாக இருத்தல் வேண்டும். ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக, ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பீலர் தகட்டை நாலு புறமும் செலுத்திப் பார்க்கவும். ஓரிடத்தில் உரசினாலும் சுருள் அறுந்துபோகும். கம்பி வெளியேறும் துவாரத்தில் புது ரப்பர் வளையம் இட்டு, கம்பி செயினில் படாதவாறு கட்டவும்.

ரெக்டிபையரும் ரெகுலேட்டரும் சேர்ந்த புது உறுப்பைக் காற்றுப்படும் உலோகப் பாகத்தில் பொருத்தவும். அது வேலை செய்கையில் சூடேறும். இதற்கு ஸ்டேட்டரிலிருந்து இரண்டு கம்பிகளே தேவை. பழைய ஸ்டேட்டரில் மூன்று கம்பிகள் இருப்பின், எந்த இரண்டுக்கிடையே தடை மிக அதிகமோ அவ்விரண்டையும் ஒன்றாகச் சேர்க்கவும். எஞ்சியது பொதுக் கம்பியாகும். இத்தடைகள் மிகச் சிறியவை. ஆகவே மீட்டர் கம்பிகளின் தடையைக் கழித்தே கணக்கிட வேண்டும். ஆறிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாற்றுவோர் பாட்டரியோடு பல்புகள், ஹாரன், பற்றவைப்புச் சுருள் ஆகியவற்றையும் மாற்றக் கடவர்.

ஒயரிங்கில் வெறுமனே முறுக்கி டேப் சுற்றும் வழக்கத்தை அறவே விட வேண்டும். முனைகளை அழுத்திப் பொருத்தி, ரெகுலேட்டரிலிருந்தும் எஞ்சினிலிருந்தும் பாட்டரியின் சட்ட முனைக்குத் தனிக் கம்பி இழுப்பது உத்தமம். பெயிண்டும் துருவும் மின்சாரத்தைத் தடுக்கும். பாட்டரிக்கு மிக அருகில் 15 ஆம்பியர் பியூஸ் ஒன்று அவசியம். பெட்ரோல் டாங்கின் கீழ் ஒரு கம்பி உரசினால், பியூஸ் உள்ள வண்டியில் பியூஸ் போகும். இல்லாத வண்டியில் வண்டியே போகும்.

பராமரிப்பு

நீர் விடும் பாட்டரிக்கு வாலை வடிநீரன்றிக் கிணற்று நீர் ஆகாது. மின்னேறும்போது எளிதில் தீப்பற்றும் வாயு வெளிவருமாதலால் அருகில் பீடி, தீக்குச்சி கூடாது. முனைகளில் சிறிது வாசலைன் தடவி வந்தால் உப்புக்காற்று அணுகாது. விளக்குக் கூட்டின்மேல் அம்மீட்டர் உள்ள வண்டியில், ஓடும்போது முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை நாள்தோறும் ஒரு முறை நோக்குவது, மாட்டின் அசைபோடலைக் கவனிப்பதற்கு ஒப்பாகும்.

பழைய பாட்டரியை உடைத்து அமிலத்தை வாய்க்காலிலோ வயலிலோ கொட்டுதல் பெருந்தீங்கு. அதிலுள்ள ஈயம் மண்ணைவிட்டு நீங்குவதில்லை. நீரிலும் கலந்து குழந்தைகளைக் கெடுக்கும். 2022-ஆம் வருஷத்துப் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் முறையான மறுசுழற்சியை வற்புறுத்துகின்றன. விற்பனையாளரிடம் பழையதைக் கொடுத்தால் விலையிலும் கழிவு கிடைக்கும். கிராம அதிகாரிகள் இதனைத் தம் ஊரார்க்கு எடுத்துரைப்பாராக.

இங்குக் கூறிய முறை டிராக்டருக்கும் பெரும்பாலும் பொருந்தும். முதலில் அளத்தல், பின்னர் சுத்தம் செய்தல், அதன்பிறகே மாற்றுதல் என்னும் வரிசையைக் கைக்கொள்வோருக்கு வீண் செலவு நேராது. இரவு வழியில் இருளும் நேராது.